ஈரப் புல் நேரமும் யோசனை நேரமும்

குளக்கரைப் பனைமரத்தில் தவிட்டி, மஞ்சன் என்ற இரண்டு தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. தவிட்டி கட்டினாள், அவள் கணவன் மஞ்சன் பிரித்தான் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

"ஏங்க! மறுபடியும் பிரிச்சிட்டீங்களா?"

"கோவிச்சுக்காதே தவிட்டி! புதுசா ஒரு யோசனை வந்துச்சு. வாசலுக்கு மேலே ஒரு மாடம் வச்சா எப்படி இருக்கும்!"

மஞ்சனின் தலைக்குள் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பாடிக்கொண்டே அவன் யோசிக்கும் அழகில் மயங்கித்தான் தவிட்டி அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் இப்போது அவள் வயிற்றில் முட்டை கனத்தது. வானத்தில் மேகம் கறுத்தது. மழைக்கு முன் கூடு முடியாவிட்டால் முட்டையை எங்கே இடுவது? பாவம், அந்தக் கவலையே அவளைத் தின்றது.

"இதோ பாருங்க! இனிமே விடிஞ்சா வேலை, பொழுது சாயற வரைக்கும் வேலை. கூடு முடியற வரைக்கும் யோசனைன்னு வாயைத் திறக்கக் கூடாது!"

மஞ்சன் தலையாட்டினான். பாட்டை நிறுத்திவிட்டுப் பின்னினான். உச்சி வெயிலில் புல் காய்ந்து ஒடிந்தபோதும் இருவரும் விடவில்லை. கூடு மளமளவென்று வளர்ந்தது. தவிட்டிக்கு நிம்மதிதான். ஆனாலும் அவன் வாய் மூடி இருந்தது அவளை என்னவோ செய்தது.

கூடு முடியும் தறுவாயில் மேற்கிலிருந்து காற்று சுழன்றடித்தது. மேற்குப் பக்க ஓலையில் தொங்கிய கூடு பிய்ந்து குளத்தில் விழுந்தது.

"காத்து திரும்பினப்பவே நினைச்சேன், கிழக்குப் பக்கம் மாத்திடலாம்னு" என்றான் மஞ்சன் மெதுவாக.

"அப்புறம் ஏங்க சொல்லலை?"

"நீதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னே!"

தவிட்டி அழுதுவிட்டாள். மஞ்சன் அவளைச் சிறகால் அணைத்துக்கொண்டான்.

"அழாதே. நான் தினமும் பிரிச்சதாலதானே நீ அப்படிச் சொன்னே!"

தவிட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"உச்சி வெயில்ல புல்லு எப்படியும் ஒடியுது. அந்த நேரம் உங்க யோசனைக்கு. நானும் உக்காந்து கேக்கறேன். ஆனா காலையில, புல்லு ஈரமா இருக்கிறப்ப, பின்னுறது மட்டும்தான். பின்னினதைப் பிரிக்கக் கூடாது!"

"பாடலாமா?"

"நீங்க பாடலைன்னா என் அலகே ஓட மாட்டேங்குது!"

கிழக்குப் பக்க ஓலையில் புதுக் கூடு எழுந்தது. மத்தியானம் பேசி முடிவானது மறுநாள் காலையில் கூட்டில் ஏறியது. மழை கொட்டத் தொடங்கியபோது தவிட்டி உள்ளே முட்டைகளின் மேல் படுத்திருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை.

"எப்படி இருக்கு தவிட்டி?" என்று வெளியிலிருந்து கத்தினான் மஞ்சன்.

"கதகதப்பா இருக்குங்க! அங்கே என்ன நனைஞ்சுகிட்டு? உள்ளே வாங்க!"

சேர்ந்து செய்யும் வேலையில் கற்பனைக்கும் உழைப்புக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை அடக்கினால் இரண்டுமே கெட்டுப்போகும்.