முப்பத்தைந்தில் பாஸான கம்ப்யூட்டர்

முட்டாள்கள் தனித்தனியாகத் திரிந்தால் ஊருக்குப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. டீக்கடையில் நாலு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்று பேர் ஒன்றுசேர்ந்து, வாடகைக்கு மாடி பிடித்து, வாசலில் போர்டும் மாட்டிவிட்டால்தான் சங்கடம். கோவில்பட்டியில் அப்படி ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. ‘வெற்றிக்கனி டுடோரியல் காலேஜ். பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கு 35 உறுதி’ என்று அதில் எழுதியிருக்கும்.

நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் முப்பத்தைந்துக்கு மேலும் எண்கள் உண்டு என்பதை அந்த மாடியில் யாரும் மதித்ததில்லை. முதல்வர் தாண்டவராயன், கணக்கு வாத்தியார் பட்டுராஜா, மிச்சப் பாடமெல்லாம் எடுக்கும் அய்யாத்துரை ஆகிய மூவரும் அந்தக் காலத்தில் எல்லாப் பாடத்திலும் கச்சிதமாக முப்பத்தைந்து வாங்கித் தேறியவர்கள். அதற்குமேல் எடுப்பது திமிர் என்பது அவர்கள் கொள்கை. அவர்களிடம் படித்த ஒருவன் ஒருமுறை நாற்பத்தொன்று வாங்கிவிட்டான். கூப்பிட்டு, அந்த ஆறு மார்க்கை எதற்காக எடுத்தாய் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இவர்களிடம் போய் மாட்டிக்கொண்டவள் சீனியம்மாள். வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பதினோரு வருடமாகச் சமையல் உதவியாளர். பத்தாவது தேறினால் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். புகையில் நிற்க வேண்டாம். அவளுக்கு நெஞ்சில் இளைப்பு வந்துவிட்டது. அடுப்பை விடவில்லையென்றால் இளைப்பு உன்னை விடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவளுக்கு அந்தப் பரீட்சை வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் அந்த மாடியில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பரீட்சைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஆன்லைனில் அனுப்பியாக வேண்டும். காலை பதினோரு மணிக்கு அவள் வந்து பார்த்தபோது, மூன்று பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

“என்ன சார், இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக?”

“கம்ப்யூட்டர் எந்திரிக்க மாட்டேங்குதும்மா. பாதி வருது, அப்படியே நின்னுபோகுது,” என்றார் தாண்டவராயன்.

“அப்ப எங்க அக்கா மகன் போனுல அனுப்பிருதேன். என் டி.சி.யக் குடுங்க.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய மாற்றுச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு முன்பே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தார்கள். நகல் உள்ளே பத்திரமாக இருக்கும்போது அசலுக்கு என்ன வேலை என்று யோசித்து, அசலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தை மூடி இருபது வருடம் ஆயிற்று. ஆக, சீனியம்மாள் எட்டாவது வரை படித்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்தப் பெட்டிதான்.

மெக்கானிக் ஜெபராஜுக்குப் போன் போட்டார்கள். அவன் சாத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். “ஒண்ணும் பயப்படாதீக. ரிப்பேர் பாக்குற சாப்ட்வேர் ஒண்ணு அதுல போட்டு வச்சிருக்கேன். ஸ்பேனர் படம் தெரியும், அதை அமுக்குங்க. அதுவா சோதிச்சு, அதுவா சரிபண்ணிரும். ஸ்கிரீன்ல என்ன சொல்லுதோ அதை அப்படியே செய்யுங்க,” என்றான். யாரிடம் இப்படிச் சொல்கிறோம் என்று அவன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

ஸ்பேனரை அமுக்கினார்கள். ‘சோதனை தொடங்குகிறது. முடியும்வரை கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். விசைப்பலகையையும் மவுஸையும் தொட வேண்டாம். பொறுமையாக இருக்கவும்’ என்று தமிழிலேயே எழுத்து வந்தது. கீழே ஒரு பச்சைக் கோடு. அதன் பக்கத்தில் சதவீதம்.

யாரும் அணைத்துவிடக் கூடாதென்று அய்யாத்துரை சுவரோரம் போய் பிளக்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தாண்டவராயன் நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி, பொறுமையாக இருந்தார். ‘மீதி நேரம் 20 நிமிடம்’ என்று திரையில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ‘1 மணி 10 நிமிடம்’ என்று மாறியது.

“இருபது நிமிஷம்னு சொல்லிட்டு இப்ப ஒரு மணி பத்து நிமிஷங்குது,” என்றார் பட்டுராஜா.

“எவ்வளவு வித்தியாசம்?” என்று கேட்டார் முதல்வர்.

“அம்பது நிமிஷம் கூடியிருக்கு சார்.”

“கூடினா நல்லதுதானய்யா. குறைஞ்சாத்தான் கவலப்படணும்,” என்று கண்ணைத் திறக்காமல் சொன்னார் முதல்வர். கணக்கு வாத்தியாருக்கு அது நியாயமாகப் பட்டது.

பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முப்பத்திரண்டுக்கு வந்தது. முப்பத்துமூன்று. முதல்வர் கண்ணைத் திறந்து எழுந்து நின்றுவிட்டார். முப்பத்துநான்கு. பட்டுராஜாவுக்கு நெற்றி வியர்த்தது. முப்பத்தைந்து வந்ததும் தாண்டவராயன் கையைத் தூக்கி, “பாஸ். நிறுத்துங்க,” என்றார்.

நிறுத்துவதற்கு மவுஸைத் தொட வேண்டும். தொட வேண்டாம் என்று திரை சொல்லியிருக்கிறது. பட்டுராஜா, கையால் தொடுவதுதான் தப்பு, மர ஸ்கேலால் தொட்டால் தப்பில்லை என்று கண்டுபிடித்து, ஸ்கேலால் மவுஸை நகர்த்தி ‘நிறுத்து’ என்ற இடத்தில் குத்தினார். கணக்குப் பாடத்தில் இத்தனை வருடத்தில் அவர் காட்டாத கெட்டிக்காரத்தனம் அது.

‘சோதனை முழுமையாகவில்லை. பிழைகள் சரிசெய்யப்படவில்லை’ என்றது திரை. கம்ப்யூட்டர் பழையபடி பாதியில் நின்றது.

“ஏன் சார் நிறுத்துனீக? நூறு வரைக்கும் ஓடணும்ல,” என்றாள் சீனியம்மாள்.

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “இருபத்தேழு வருஷ அனுபவம்மா எங்களுக்கு. நூறுக்கு ஆசைப்பட்டவன் ஒருத்தனும் உருப்பட்டதில்ல,” என்றார் தாண்டவராயன்.

மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை முப்பத்தைந்து வரும் நேரத்தில் பட்டுராஜா தும்மிவிட்டார். நிமிர்ந்து பார்த்து ஸ்கேலால் குத்தியபோது முப்பத்தாறு. அதிகப்படியான அந்த ஒன்றை என்ன செய்வது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கூடுதலாக ஒன்று எடுத்ததைக் குறைத்துப் போடலாம் என்றார் அய்யாத்துரை. பேப்பராக இருந்தால் போடலாம், பெட்டியில் எப்படிப் போடுவது என்றார் பட்டுராஜா. கடைசியில் அந்த முயற்சி செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்றாவது தடவை தும்மல் வரவில்லை. முப்பத்தைந்தில் ஸ்கேல் குத்தியது. கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையும் படுத்தது.

“பாஸ் போட்ட பெறகும் வேலை செய்யமாட்டேங்குதே, இதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தீகளா,” என்று மனம் நொந்துபோனார் முதல்வர்.

மணி இரண்டேகால். சீனியம்மாள் தானே ஜெபராஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். “நூறு வரைக்கும் ஓடவிடுங்க சார், நடுவுல கைய வைக்காதீக,” என்று அவன் கத்தினான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

அவள் போனை வைத்ததும் தாண்டவராயன் சிரித்தார். “இவன் யாரு? நம்மகிட்டப் படிச்சவன். இங்கிலீஷ்ல முப்பத்தஞ்சு. அவனுக்கு நூறைப் பத்தி என்ன தெரியும்?”

சீனியம்மாளுக்கு, இந்த மூன்று பேரையும் சத்துணவுக் கூடத்து அண்டாவில் போட்டு மூடிவிட்டால் என்ன என்று கூட ஒரு கணம் தோன்றியது. அடுத்த வருடம் வரை அடுப்படியில் தன் மூச்சு தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. “சரி சார், நாலாந்தடவையா ஒருவாட்டி ஓட்டுங்க,” என்றாள்.

பச்சைக் கோடு கிளம்பியது. மூன்று சதவீதம் ஆனபோது, அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, திரையில் அந்த எண் தெரியும் இடத்தில் ஒட்டிவிட்டாள். தினமும் அவள் வைப்பது கொஞ்சம் பெரிய பொட்டு. எண் முழுசாக மறைந்துபோனது. கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல அந்த மூவரில் ஒருவருக்கும் துப்பில்லை.

“என்னம்மா இது?” என்றார் பட்டுராஜா.

“பரீட்சை நடக்கும்போதே மார்க்கைப் பாக்கலாமா சார்? ரிசல்ட் வர்ற வரைக்கும் ரகசியமாத்தானே இருக்கணும்.”

மூவரும் அதிர்ந்துபோனார்கள். காலையிலிருந்து எவ்வளவு பெரிய முறைகேட்டைச் செய்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. அய்யாத்துரை கைக்குட்டையால் கண்ணையே கட்டிக்கொண்டார். பிளக்கை மட்டும் விடவில்லை. நடுவில் ‘கம்ப்யூட்டர் சூடாகாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு எச்சரிக்கை வந்தது. பட்டுராஜா ஓடிப்போய்த் துண்டை வாளியில் முக்கிக்கொண்டு வந்தார். சீனியம்மாள் அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டுவிட்டாள். அவர் அதையும் ஒரு ஏற்பாடு என்று எண்ணி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு டிங் என்று ஒரு சத்தம். சீனியம்மாள் பொட்டை உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். ‘100 சதவீதம் நிறைவு. 214 பிழைகள் கண்டறியப்பட்டன. 214 பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று திரை சொன்னது. கம்ப்யூட்டர் முழுசாக எழுந்து, பளிச்சென்று நின்றது.

அவள் நாற்காலியை இழுத்தாள். “தொடாதம்மா,” என்றார் தாண்டவராயன்.

“என்ன சார்?”

“இருநூத்திப் பதினாலு தப்பு. மார்க்கு மட்டும் நூத்துக்கு நூறு. இது எப்படி?”

“தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?” என்று கேட்டார் பட்டுராஜா, ஈரத்துண்டோடு.

“அதேதான்.”

“திருத்துனது யாரு?”

“அதேதான்.”

“மார்க்குப் போட்டது?”

அய்யாத்துரை கண்கட்டை அவிழ்த்தார். “அதுவும் அதேதான் சார். எழுதுனவனே பேப்பரத் திருத்தி, அவனே நூறு போட்டுக்கிட்டான்.”

டுடோரியல் காலேஜ் வரலாற்றிலேயே நடக்காத அக்கிரமம் அது. உடனே விசாரணைக் கமிட்டி அமைத்தார்கள். கம்ப்யூட்டரைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இனி யாரும் அதைத் தொடக் கூடாது, கதவைப் பூட்டி சீல் வைப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. மணி நான்கு இருபத்தைந்து. சீனியம்மாளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பையிலிருந்த மருந்தை எடுத்து உறிஞ்சிவிட்டு, நிதானமாகக் கேட்டாள்.

“பரீட்சையில பிடிபட்டா, மாட்டுனவன்கிட்ட எழுதி வாங்குவீகளா மாட்டீகளா?”

“வாங்கணும். வாக்குமூலம் இல்லாம கேஸ் நிக்காது,” என்றார் முதல்வர்.

“அப்ப நான் உக்காந்து எழுதி வாங்கித் தாரேன். நீங்க தள்ளி உக்காருங்க. நீங்க பக்கத்துல நின்னா மிரட்டி வாங்குனதாச் சொல்லிரும்.”

அவர்கள் தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சீனியம்மாள் அக்கா மகன் சொல்லிக்கொடுத்தபடி ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தாள். பெயர், பிறந்த தேதி, எழுத விரும்பும் பாடங்கள். டி.சி. உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. நடுநடுவே தாண்டவராயன் சுவரைப் பார்த்தபடியே, “என்னம்மா, ஒத்துக்கிடுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “கொஞ்சம் கொஞ்சமா ஒத்துக்கிடுது சார்,” என்று அவளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டு பிரிண்டரில் வந்ததும், சூடு ஆறுவதற்குள் அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள்.

“பூராத்தையும் ஒத்துக்கிடுச்சு சார். இனிமே இப்படிச் செய்யமாட்டேன்னு சொல்லுது.”

மூவருக்கும் மனம் இளகிவிட்டது. என்ன இருந்தாலும் அவர்களும் வாத்தியார்கள். கம்ப்யூட்டரை ஒரு தடவை மன்னித்து, அது முறைப்படி வெளியே போய்ப் பத்தாம் வகுப்புப் பரீட்சையையே எழுதித் தேறட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். “நீதான் இப்ப நல்லாத் தட்டக் கத்துக்கிட்டயே. அப்படியே இதுக்கு ஒரு விண்ணப்பமும் போட்டு விட்டுரும்மா, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு,” என்றார் தாண்டவராயன். அங்க அடையாளத்துக்கு, திரையின் இடது ஓரத்தில் இருந்த கறுப்புப் புள்ளியைக் குறித்து வைத்துக்கொண்டார் அய்யாத்துரை.

சீனியம்மாள் படியிறங்கப் போனவள் நின்று திரும்பினாள். “இதை எப்ப சார் வாங்குனீக?”

“ஒம்பது வருஷமாச்சு.”

“வயசு பத்தாதே. பதினாலரை முடிஞ்சாத்தான் பரீட்சை எழுதவிடுவாக,” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

சட்டம் என்றால் சட்டம்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டரைத் துடைத்து, முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்னும் ஐந்தரை வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை சும்மா கிடந்தால் புத்தி மழுங்கிவிடும் என்று, பட்டுராஜா தினமும் காலையில் அதற்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார். இப்போதைக்குப் பாடம் ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுபோயிருக்கிறது. ஏழெட்டு எவ்வளவு என்று அவர் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது சொன்னால்தான் அவருக்கும் தெரியும்.