பிலோமினா சொல்லாத ஒரு வாக்கியம்

"எட்டு மாசமா என்கூட ஒரு வார்த்தை பேசலைங்கம்மா" என்றார் வைரவன்.

"யாரு?"

"பிலோமினா."

செண்பகத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உங்க சம்சாரமா?"

"இல்லைங்க. தொழில்ல கூட்டாளி."

சொல்லிவிட்டாரே தவிர, அந்தச் சொல் அவருக்கே போதவில்லை.

திருச்சி தில்லைநகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அறை. வாசலில் 'இருகரை மக்கள் தொடர்பு நிறுவனம்' என்று பலகை. நிறுவனம் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துவிட வேண்டாம். வைரவனுக்கு ஒரு நாற்காலி, பிலோமினாவுக்கு ஒரு நாற்காலி, அவ்வளவுதான் நிறுவனம்.

நகைக்கடை திறப்பு விழாவா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா, புதுசாக ஒரு கடலை எண்ணெயா, எதுவானாலும் செய்தி எழுதி அனுப்புவார்கள். நாலு நிருபர்களுக்குப் போன் போட்டு "வந்துச்சா சார், பார்த்தீங்களா சார்" என்று கெஞ்சுவார்கள். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டால் ஆளுக்கொரு காபி. பதினைந்து வருஷம் அப்படித்தான் ஓடியது.

இப்போது ஒரு நாற்காலி காலி. வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். வைரவன் கேட்கவில்லை. இன்றைக்கும் அவர் எதைப் பிரின்ட் எடுத்தாலும் வலது ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டுத்தான் எடுக்கிறார். அங்கேதான் பிலோமினா 'இது ரொம்ப ஓவர்' என்று கிறுக்கி அடிப்பார். எட்டு மாதமாக அந்த ஓரம் வெள்ளையாகவே இருக்கிறது. அந்தத் தாள்களைக் கசக்கிப் போடவும் மனுஷனுக்கு மனசு வருவதில்லை.

அதனால்தான் பச்சைமலை அடிவாரம் வரை வந்துவிட்டார்.

செண்பகத்தம்மாவுக்கு நாற்பது வயது இருந்தாலே அதிகம். வைரவனுக்கு ஐம்பத்து நாலு. அந்த அம்மா முன்பு ஒரு கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்த்தவர். சாட்சிக் கூண்டில் நின்று யார் என்ன சொன்னாலும், சொன்னபடியே அடித்துக் கொடுப்பது வேலை. அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து பத்து வருஷம் ஆகிறது. மனசு சரியில்லாதவர்கள் தேடி வருகிறார்கள். எப்படி வருகிறார்கள் என்பதுதான் வைரவனுக்குப் புரியவில்லை. ஒரு பலகை கிடையாது, ஒரு நோட்டீஸ் கிடையாது!

"என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் செண்பகத்தம்மா.

"பதினஞ்சாவது வருஷத்துக்கு ஒரு விழா வச்சோம். அதுக்கு நான்தான் பிரஸ் நோட் எழுதினேன். அருமையா வந்திருந்துச்சு. மூணு பேப்பர்ல போட்டாங்க. மறுநாள் காலையில பிலோமினா அந்தப் பேப்பரோட வந்தாங்க. 'நான் எப்போ சொன்னேன்?'னு கேட்டாங்க. சாவியை மேஜையில வச்சாங்க. போயிட்டாங்க."

"என்ன சொன்னதா எழுதியிருந்தீங்க?"

வைரவனுக்கு அது மனப்பாடம். "'இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நான் பெற்றது ஏராளம், இழந்தது எதுவுமில்லை என்று பிலோமினா நெகிழ்ச்சியுடன் தெரிவித்தார்.'"

"தெரிவிச்சாங்களா?"

வைரவன் சிரித்துவிட்டார். "அம்மா, எங்க தொழில்ல யாரும் எதையும் தெரிவிக்க மாட்டாங்க. மில் முதலாளி வாயைத் திறந்தா கொட்டாவிதான் வரும். நாங்கதான் 'பெருமிதத்துடன் கூறினார்'னு எழுதுவோம். அவர்கிட்ட காட்டி ஒரு சரி வாங்கிட்டு அனுப்பிடுவோம். எல்லா ஊர்லயும் அதான் வழக்கம்."

"பிலோமினாகிட்ட சரி வாங்கினீங்களா?"

"நம்ம ஆளுதானேன்னு விட்டுட்டேன்."

செண்பகத்தம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அப்புறம் போய்ப் பார்க்கலையா?"

"ரெண்டு தடவை வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தாங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க." வைரவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. 'கோவத்துல வந்துட்டேன், இன்னும் ஒரு தடவை கூப்பிட்டா போயிடலாம்'னுதான் இருப்பாங்க."

"அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லலை."

"சரி."

"இப்ப வேற ஒரு கம்பெனியில சேர்ந்திருக்காங்க. அதுவும் அவங்களுக்கு ஒட்டலை."

"சொன்னாங்களா?"

"சொல்லலைங்க. ஆனா கேட்டா அதைத்தான் சொல்வாங்க."

செண்பகத்தம்மா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். "நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றார்.

அவ்வளவுதான்!

இதுக்கா மூணு பஸ் மாறி வந்தோம் என்று வைரவனுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு விரதம் சொல்லியிருக்கலாம், ஒரு மந்திரம் சொல்லியிருக்கலாம், குறைந்தது ஒரு எலுமிச்சம்பழமாவது கொடுத்திருக்கலாம். விடிந்ததும் பையைத் தூக்கினார். போய் அந்தக் காலி நாற்காலியைத்தானே பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் திரும்ப வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. இலை போட்டதும் செண்பகத்தம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். வந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் சொன்னதை, சொன்னபடியே வாசிப்பார். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. அதைக் கேட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள்.

அன்றைக்கு முப்பது பேர் பந்தியில் இருந்தார்கள். செண்பகத்தம்மா நோட்டைப் பிரித்தார்.

"திருச்சியிலேர்ந்து வந்திருக்கிற வைரவன் சொன்னது" என்று தொடங்கினார்.

எல்லோரும் வைரவனைப் பார்த்தார்கள். அவருக்கு உள்ளூர ஒரு பெருமைதான். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'பிலோமினாவை நான் மறந்துவிட்டேன். அவர் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இப்போது அறவே இல்லை. என் மனம் நிம்மதியாக இருக்கிறது.'"

"நல்லதாப் போச்சுங்க" என்றாள் எதிர்ப்பந்தியில் இருந்த ஒரு பெண். பக்கத்தில் இருந்தவர் வைரவனின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வைரவன் எழுந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் உருண்டது.

"நான் எப்போ சொன்னேன்?"

கும்பிட்ட கைகள் இறங்கின.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை! மறந்துட்டேனா? நானா? ஒரு நாள், ஒரு பொழுது மறந்ததில்லை. ரோட்டுல யாராவது அவங்க மாதிரி பேசினா நின்னு திரும்பிப் பார்க்கிறேன். அவங்க ஒரு வார்த்தை பேசிட மாட்டாங்களான்னு செத்துக்கிட்டிருக்கேன். என்னைக் கேட்காம யாரும்மா உங்களை இப்படி எழுதச் சொன்னது?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முப்பது பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லை.

செண்பகத்தம்மா நோட்டை மூடினார்.

"நல்லாத்தானே எழுதியிருக்கேன்" என்றார்.

உருண்ட டம்ளரை எடுக்க வைரவன் குனிந்தார். 

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வாரம் அவருக்கு ஞாபகம் வந்தது. எண்ணெய்க் கம்பெனி அறிமுக விழா. மணப்பாறை ஆஸ்பத்திரியில் பிலோமினாவின் அப்பா. "விழா முடிஞ்சதும் போங்களேன், நாலு நாள்தானே" என்று சொன்னது வைரவன்தான். பிலோமினா பொறுக்காமல் மூன்றாம் நாள் சாயங்காலமே போனார். அப்பா அன்று காலையிலேயே போய்விட்டார்.

இழந்தது எதுவுமில்லை என்று நெகிழ்ச்சியுடன் தெரிவித்தார். மூன்று பேப்பரில். பிலோமினாவின் அம்மாவும் பேப்பர் படிப்பவர்.

வைரவன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ சோறு போட்டார்கள். என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் சாப்பிட்டார்.

கிளம்பும்போது செண்பகத்தம்மா அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பழக்கதோஷம் ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறந்ததும் பிலோமினா இப்படிச் சொல்வார், அதற்கு நாம் அப்படிச் சொல்வோம், உடனே அவர் கண் கலங்கி... வைரவன் தலையை உதறிக்கொண்டார். திருச்சி வருவதற்குள் ஏழெட்டு தடவை உதறியிருப்பார். ஜன்னலோரம் இருந்தவர், பாவம், ஈ தொல்லை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

உறையூரில் பிலோமினாவின் வீட்டு மணியை அடித்தபோது ஆறு மணி.

கதவு பாதி திறந்தது. பிலோமினா நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். போன தடவைகளைப் போலவே, இவர் பேசி முடிக்கட்டும் என்று கதவைப் பிடித்தபடி நின்றார்.

"பிலோமினா" என்றார் வைரவன். "அந்தப் பதினஞ்சு வருஷத்துல நீங்க இழந்தது என்ன?"

பிலோமினா கதவைச் சாத்தவில்லை.

பிலோமினாவுக்காக ஒரு வாக்கியம் வைரவனின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. நல்ல வாக்கியம்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று, அதைவிட நல்லது. பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் குக்கர் ஒரு தடவை விசில் அடித்தது, இன்னொரு தடவை அடித்தது. கால் வலித்தது. கேட்டுவிட்டு இத்தனை நேரம் சும்மா நின்றது அவர் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

பிலோமினா கதவை முழுசாகத் திறந்தார்.

"உள்ள வந்து உக்காருங்க வைரவன்" என்றார். "நிறைய இருக்கு."