ஆமென் வரும் வரைக்கும்

விவேகபுரம் என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரப் பாதிரியார் அடுத்த கப்பலிலேயே சீமைக்குப் போய்விட்டார். இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, பாவம்.

அந்த ஊர்க் கோயிலில் யேசுவடியான் உபதேசியார் ஒரு வருஷம் வேதபாட வகுப்பு நடத்தினார். பத்தொன்பது பேரோடு தொடங்கியது, மூன்று பேரோடு முடிந்தது. மற்றவர்கள் புரிந்ததும் நின்றுகொண்டார்கள். ஞானாபரணம், சத்தியவாசகம், சுவிசேஷமுத்து மூவரும் கடைசி வரை வந்தார்கள்.

சொன்னதை அப்படியே செய்கிற ஆட்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று படித்த மறுநாளே சத்தியவாசகத்தின் தவிட்டு மூட்டையைச் சுவிசேஷமுத்து சுமந்தார்; அவருடைய சிமெண்டு மூட்டையைச் சத்தியவாசகம் சுமந்தார். சுமந்தவர்கள் அவரவர் வீட்டில் இறக்கினார்கள். சத்தியவாசகத்தின் மாடு சிமெண்டை முகர்ந்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தது. வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று படித்த வாரம் ஞானாபரணம் இடதுகையைக் கோணிப்பைக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். காணிக்கைப் பை என்று நினைத்து நாலு பேர் அதில் காசு போட, இடதுகைக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

வகுப்பு முடிந்ததற்குக் கோயில் கூடத்தில் ஒரு விருந்து. இரண்டு வருஷம் குழை ஒடித்துப் போட்டு வளர்த்த கடாவை ஞானாபரணம் கொடுத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நல்லி எலும்பு தம் இலையில் விழ வேண்டும். அதை நினைத்தே மூன்று நாளாக அவருக்குத் தூக்கமில்லை. சமையற்காரர் சொன்னபடி வைத்தார். வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் ஜெபம் நடக்கும்போதே சத்தியவாசகத்தின் இலையில் ஈரல் காணாமல் போனது. சுவிசேஷமுத்துவின் வாய் அசைந்தது. அதனால் இந்தத் தடவை உபதேசியார் கறாராகச் சொன்னார்: "கண்களை மூடுவோம். நான் ஆமென் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் திறக்கக் கூடாது, ஆமா."

அவருக்குச் சுருக்கமாக ஜெபிக்க வராது. ஆதாமில் தொடங்கி, நோவாவின் பேழைக்குள் மிருகங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, உபதேசியாரின் மகளுக்குப் பிரசவ வலி என்று அவர் காதில் சொன்னார். உபதேசியார் அப்படியே எழுந்து அவர் பைக்கில் ஏறிவிட்டார்.

வெகு நேரம் சத்தமே இல்லை.

"ஐயா மனசுக்குள்ள ஜெபிக்காவளோ?" என்றார் ஞானாபரணம். கறி வாசனை அவரை என்னவோ செய்தது.

"பைக் சத்தம் கேட்டுச்சே வே. ஐயா போயிட்டாவ," என்றார் சுவிசேஷமுத்து.

"அப்ப நாமளே ஆமென் சொல்லிருவோம்," என்றார் ஞானாபரணம்.

"அதெப்படி?" என்றார் சத்தியவாசகம். சட்டம் பேசுவதில் அவர் பெரிய ஆள். "'நான் சொல்லுத வரைக்கும்'னு சொன்னாவ. நான்னா யாரு?"

"நான்னா... நீரு."

"நான் சொன்னா நான். ஐயா சொன்னா ஐயா."



"கண்ணை மூடிக்கிட்டே சாப்பிட்டா?" என்று கேட்டார் ஞானாபரணம்.

"மிருகமெல்லாம் இன்னும் பேழைக்கு வெளிய நிக்கு. அதுக்குள்ள நீரு கடாவைத் திங்கப் போறீரா?" என்று தடுத்தார் சத்தியவாசகம்.



அப்போதுதான் உபதேசியாரின் நாய் டைகர் உள்ளே வந்தது. சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

"எவனோ திங்கான்!"

"நான் இல்ல."

"நானும் இல்ல."

"அப்ப நான்தானோ?" என்று ஞானாபரணம் தம் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"சோதனைக்காரன் வே! விரட்டுவோம்," என்றார் சத்தியவாசகம்.

"அப்பாலே போ!" என்று மூவரும் அதட்டினார்கள். டைகர் அடுத்த இலைக்குப் போனது.

"என் பக்கம் இருந்து போயிட்டான்!" என்று சுவிசேஷமுத்து ஸ்தோத்திரம் சொன்னார். கடைசியாக ஞானாபரணத்தின் இலையில் கடக்கென்று எலும்பு உடைந்தது.

"பிசாசுக்குப் பல்லு நல்ல உறுதி," என்றார் சத்தியவாசகம்.

மூன்று மணி நேரம் கழித்து, பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு உபதேசியார் திரும்பினார். மூடிய கண்களும் துடைத்த இலைகளுமாக மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன வே இது!"

"ஆமென் சொல்லுங்கய்யா. கழுத்து வலிக்கு."

"ஆமென், ஆமென்!"

கண்கள் திறந்தன. ஞானாபரணம் இலையைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு பச்சைப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

"ஏன் வே அழுதீரு? இலை காலி. அப்ப சாப்பிட்டாச்சு," என்றார் சத்தியவாசகம்.

"எனக்குப் பசிக்குதே?"

"அது ராத்திரிச் சாப்பாட்டுக்கான பசி."

உபதேசியாருக்கு மனசு கேட்கவில்லை. தமக்கென்று எடுத்துவைத்திருந்த தூக்குவாளியைத் திறந்தார். கடாவின் இன்னொரு நல்லி எலும்பு மேலாகவே கிடந்தது. அதை எடுத்து ஞானாபரணத்தின் இலையில் வைத்தார்.

"தின்னும் வே. இப்பவே தின்னும்."

ஞானாபரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"ஜெபம்?"

"அதான் ஆமென் சொல்லியாச்சே!"

"அது மொத எலும்புக்குல்லா ஐயா," என்று அவர் கை கூப்பிக்கொண்டார். மற்ற இருவரும் பயபக்தியாகக் கூப்பிக்கொண்டார்கள்.

"சரி, சுருக்கமா முடிச்சிருதேன்," என்று உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "கண்களை மூடுவோம். ஆதாமைப் படைத்த ஆண்டவரே..."

நான்கு பேரும் கண்களை மூடினார்கள். மூலையில் சுருண்டு படுத்திருந்த டைகர் கண்ணைத் திறந்தது.