கருமாதி வரை காத்திருந்த பாராட்டு

கொண்டல்நாட்டில் அரசர் வாயால் நல்ல பெயர் வாங்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. செத்துப்போக வேண்டும்.

அரசர் கஜபதிராயர் கெட்டவர் இல்லை. அந்த வம்சத்து வழக்கம் அப்படி. அரண்மனை ஊழியர் யாராவது காலமானால், கருமாதி அன்று அரசர் சபை நடுவே எழுந்து நின்று இறந்தவரைப் புகழ்ந்து பேசுவார். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு! குதிரை லாயத்துப் பேச்சிமுத்து இறந்தபோது அரசர் பேசியதைக் கேட்டு, கல்நெஞ்சுக்காரரான சேனாபதியே மூக்கைச் சிந்தினார். அந்தப் பேச்சிமுத்து உயிரோடிருந்த காலத்தில் அரசர் அவரிடம் கேட்டதெல்லாம், "சாணி அள்ளியாயிற்றா?" என்பது மட்டும்தான்.

இப்படியிருக்க, அரசரின் பிறந்தநாளுக்கு முந்தின நாள், அரண்மனைச் சமையற்காரர் திருமலைக்கொழுந்து மூட்டை கட்டினார்.

அரசவை விகடகவி அனவரதன், மூக்கு இழுத்த பக்கம் கால் போகிற ஆள். வாசனை பிடித்துக்கொண்டு மடைப்பள்ளிக்குள் நுழைந்தவனுக்கு மூட்டையைப் பார்த்ததும் பகீரென்றது.

"என்ன கொழுந்தண்ணே, எங்கே பயணம்?"

"பக்கத்து நாட்டுக்குத்தான் தம்பி. ரொம்ப நாளாக் கூப்பிடறாங்க. நாளைக்கு விருந்தைச் சமைச்சு இறக்கிட்டு வண்டி ஏறிடுவேன்."

"இங்கே என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்லை. மகராசா என் மோர்க்குழம்பைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடறார். இலையை மூடிட்டு என்ன சொல்றார் தெரியுமா? 'பரவாயில்லை.' தலை நரைச்சுப்போச்சு, நான் இன்னும் பரவாயில்லையிலேயே நிக்கிறேன்." கொழுந்து மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "ஒரு நல்ல வார்த்தை கேட்க நான் சாகணுமா தம்பி?"

அனவரதனுக்கு மனசு கேட்கவில்லை. நேராக அரசரிடம் போனான்.

"அரசே, கொழுந்தண்ணன் சமையலைப் பற்றி இன்றைக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லக்கூடாதா?"

"உயிரோடிருப்பவனையா புகழச் சொல்கிறாய்? தலைக்கனம் வந்துவிடும். கைப்பக்குவம் கெட்டுப்போகும். அவனுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் என் மனசில் தயாராக இருக்கிறது. நேரம் வரும்போது சொல்வேன். பாட்டனார் காலத்து வழக்கம் இது, அனவரதா. இதில் விதிவிலக்கே கிடையாது."

"யாருக்குமே கிடையாதா, அரசே?"

"யாருக்கும் கிடையாது."

"உத்தரவு" என்று கும்பிட்டான் அனவரதன். அங்கிருந்து அவன் நடந்தது புலவர்கள் தெருவுக்கு.

மறுநாள் சபை கூடியது. அரசர் பட்டுடுத்திச் சாய்ந்து உட்கார்ந்தார். வருஷத்திலேயே அவருக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். புலவர்கள் வரிசையாக வந்து வாழ்த்துப் பாடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்.

மூத்த புலவர் வந்தார். கும்பிட்டார். போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. அரசர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்ன, எல்லோருக்கும் ஒரே நாளில் தொண்டை கட்டிக்கொண்டதா? பாட்டு எங்கே?"

அனவரதன் எழுந்தான். அரசர் சிரித்தால் தப்பினான். சிரிக்காவிட்டால் கொழுந்தண்ணனுக்கு முன்னால் இவன் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பாட்டெல்லாம் தயார், அரசே. பிரமாதமான பாட்டுகள். நேற்றுக் கேட்டேன், எனக்கே கண் கலங்கிவிட்டது."

"பின்னே பாடச் சொல்!"

"அதெப்படி? தங்களுக்குத் தலைக்கனம் வந்துவிட்டால் நாடு என்னாவது? நேரம் வரும்போது பாடுவார்கள். தங்கள் கருமாதிக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்க மாட்டோம்."

சேனாபதிக்குப் புரையேறியது. அரசர் முகம் சிவந்தது.

"அன்றைக்கு நான் எப்படியடா கேட்பேன்?"

"கேட்க முடியாதுதான். எங்களுக்கும் அதுதான் வருத்தம்."

அரசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொம்ப நன்றாகவா இருக்கிறது?" என்றார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது. அதிலும் தங்கள் இரக்க குணத்தைப் பற்றி வருகிற இடம் இருக்கிறதே..."

"அந்த இடத்தை மட்டுமாவது சொல்லேன்."

"விதிவிலக்கே கிடையாதென்று நேற்றுத்தானே உத்தரவானது?"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேச்சிமுத்துவுக்காக அன்றைக்கு அவ்வளவு பேசினேனே. அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, இல்லையா?" என்றார்.

"கேட்கவில்லை, அரசே" என்றான் அனவரதன். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "தாங்களும் இருக்கிறீர்கள், கொழுந்தண்ணனும் இருக்கிறார். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எது? இன்னும் கொஞ்ச நேரம் போனால் கொல்லைப்புறத்தில் நிற்கிற வண்டி அவரைப் பக்கத்து நாட்டுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும்."

அரசர் எழுந்த வேகத்தில் சாமரம் வீசியவன் ஒதுங்கி நின்றான். அவரும் அனவரதனும் கொல்லைப்புறத்துக்கு ஓடி வந்தபோது வண்டியில் மாடு பூட்டியாகிவிட்டது. கொழுந்து வண்டியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"கொழுந்து, நில்!" அரசருக்கு மூச்சிரைத்தது. பழக்கமில்லாத வேலை, பாவம், வியர்த்துக் கொட்டியது. "உன் மோர்க்குழம்பு இருக்கிறதே... வேட்டைக்குப் போனால்கூட அதை நினைத்துக்கொண்டுதான் சீக்கிரம் திரும்புகிறேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது என்னை எழுப்பி உட்கார வைத்தது நீ வைத்த மிளகு ரசம். பேர் வைத்தியருக்குப் போனது. அது தப்பு. உன் கைக்கு ஈடாக இந்த நாட்டில் இன்னொரு கை கிடையாது."

கொழுந்தின் முகம் வெளிறிப்போனது. வைத்த காலை எடுத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். மெல்ல அனவரதன் பக்கம் திரும்பி, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. எனக்கு என்ன வியாதி?"

அரசர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று விருந்தில் அனவரதனுக்கு அரசர் பக்கத்தில் இலை போட்டார்கள், பரிமாறியது கொழுந்தண்ணன்.