கரடி உட்கார்ந்த வட்டம்

தாழைக்குட்டைக் கரையில் மருதன் என்ற கிழட்டுக் கரடியும் குளத்தாயி என்ற ஆமையும் சேர்ந்து ஒரு வட்டம் நடத்திவந்தன.

முன்பெல்லாம் அந்தக் காட்டில் ஒரே தீர்ப்புதான். தப்பு செய்த விலங்கை எருமைக் கூட்டம் ஆற்றின் அக்கரைக்குத் துரத்திவிடும். அக்கரையில் சிறுத்தைகள் இருந்தன. போனது எதுவும் திரும்பியதில்லை. மருதனும் குளத்தாயியும் அதை மாற்றின.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்ததும் அடிபட்டதும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒன்று பேசியதை மற்றது அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பேசியது "அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றது தன் பக்கத்தைச் சொல்லலாம். கடைசியில் அடிபட்டதைப் பார்த்து, "உனக்கு என்ன செய்யணும்?" என்று மருதனோ குளத்தாயியோ கேட்கும். அது கேட்டதைத் தப்பு செய்தது செய்து கொடுக்க வேண்டும்.

ஒன்பது வருஷத்தில் எண்பது வழக்குக்கு மேல் முடிந்தன. அக்கரைக்குப் போனது ஒன்றுகூட இல்லை. மருதனுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. இடது பின்காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கும். ஆனாலும் வட்டத்துக்கு வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலை, பொட்டு என்ற காட்டுப்பன்றி புல்மேட்டில் கிழங்கு தோண்டும்போது ஒரு காடையின் கூட்டைக் கிளறிவிட்டது. ஐந்து முட்டைகளும் உடைந்தன. காடை குட்டைக் கரைக்கு வந்து அழுதது. பின்னாலேயே எருமைத் தலைவன் கொம்பையா, பொட்டுவைக் கொம்பால் நெட்டிக்கொண்டு வந்தது. பொட்டுவின் வாலைத் தொட்டுக்கொண்டு நான்கு குட்டிகள் ஓடிவந்தன.

"விடு கொம்பையா. வட்டத்துல வைப்போம்" என்றது மருதன்.

"வட்டமா? உன் காலை முடமாக்கினவன் அதோ மரத்து மேல உட்கார்ந்திருக்கான். ஏழு வருஷமா அவன்கூட ஒரு வார்த்தை பேசினியா? ஊருக்கெல்லாம் மருந்து கொடுப்பே, நீ மட்டும் குடிக்க மாட்டே, அப்படித்தானே?"

எல்லாத் தலைகளும் இலுப்பை மரத்தை நோக்கித் திரும்பின. உச்சிக் கிளையில் சடையன் என்ற குரங்கு வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கதை காட்டுக்கே தெரியும். ஆபத்தைக் கண்டால் மரத்து மேலே இருக்கும் விலங்கு குரல் கொடுக்க வேண்டும். அது காட்டு முறை. ஏழு வருஷத்துக்கு முன்னால் வேடர்கள் ஒரு குழி வெட்டி இலை போட்டு மூடியிருந்தார்கள். சடையன் அதை மரத்திலிருந்து பார்த்தது. மருதன் நேரே அந்தக் குழியை நோக்கி நடந்தது. சடையன் வாயே திறக்கவில்லை. விழுந்ததில் மருதனின் கால் நொறுங்கியது. அதன் உறுமலுக்குப் பயந்து வேடர்கள் கிட்டே வரவில்லை; மூன்று நாள் குழியில் கிடந்தது. நான்காம் நாள் கோடை மழை கொட்டிக் குழி நிரம்பியதால் நீந்தி மேலே வந்தது.

அன்றிலிருந்து மருதன் காலையில் கால் வலியோடு எழும்போதெல்லாம் சடையன் பேரைச் சொல்லித் திட்டிவிட்டுத்தான் எழும். குரங்குகள் தண்ணீர் குடித்த கரையில் அது குடிக்காது.

கொம்பையா மண்ணைக் கிளறியது. "நீ அவன்கூட உட்காரு. முடிச்சுக் காட்டு. பன்றியை உங்ககிட்ட விட்டுர்றேன். இல்லேன்னா வெயில் தாழறதுக்குள்ள இவளும் குட்டிகளும் அக்கரையில."

"யாரையும் இழுத்து உட்கார வைக்கிறது வட்டத்துல கிடையாது. மருதா, உனக்கு மனசில்லேன்னா வேணாம்" என்றது குளத்தாயி.

மருதன் பதில் சொல்வதற்குள் சடையன் மரத்திலிருந்து இறங்கியது.

"நான் உட்கார்றேன். என்னைக் கூப்பிடுவீங்கன்னு ஏழு வருஷமா இதே கிளையில இருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். எத்தனையோ பேரைக் கூப்பிட்டீங்க. என்னை மட்டும் கூப்பிடலை."

குளத்தாயியின் தலை ஓட்டுக்குள் பாதி போய்விட்டது. வட்டம் நடத்துகிற தங்களுக்கும் வழக்கு இருக்கும் என்று அதுவரை அதற்கும் மருதனுக்கும் தோன்றவே இல்லை. மருதன் பன்றிக்குட்டிகளைப் பார்த்தது. கடைக்குட்டி தாயின் காலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. மருதன் நொண்டி நொண்டி வந்து, எப்போதும் உட்காரும் கல்லை விட்டுவிட்டு, அடிபட்டவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தது.

சடையன் பேசியது. "அன்னைக்கு வேடர்கள் புதருக்குள்ள பதுங்கியிருந்தாங்க. என் பெண்சாதி மடியில மூணு நாள் குட்டி. குரல் கொடுத்தா மரத்தைப் பார்ப்பாங்கன்னு பயந்தேன். சும்மா இருந்துட்டேன்."

"திருப்பிச் சொல்லு மருதா" என்றது குளத்தாயி.

"நான் விழட்டும்னு நீ வேணும்னே சும்மா இருந்தே."

"அப்படிச் சொல்லலைண்ணே" என்றது சடையன்.

"வேடர் மேல பயம்னு ஒரு கதை கட்டுனே."

"அப்படியும் சொல்லலைண்ணே."

கொம்பையா சிரித்தது. "ஒன்பது வருஷமா சொல்லிக்கொடுத்த பாடம் வாத்தியாருக்கே வரலையே!"

வெயில் ஏறியது. எட்டு தடவை மருதன் சொன்னது. எட்டு தடவையும் தன் சொல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. எண்பது வழக்கில் மற்றவர்களை "அதுதானா?" என்று அதட்டிக் கேட்ட வாய் அது. பிடிக்காதவன் பேச்சை நாக்கில் வைப்பது எவ்வளவு கசப்பு என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது. வெயில் தாழ இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஒன்பதாம் தடவை மருதன் கண்ணை மூடிக்கொண்டது. "அன்னைக்கு வேடர்கள் புதருக்குள்ள பதுங்கியிருந்தாங்க. உன் பெண்சாதி மடியில மூணு நாள் குட்டி. குரல் கொடுத்தா மரத்தைப் பார்ப்பாங்கன்னு பயந்தே. சும்மா இருந்துட்டே."

ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை.

"அதுதானா?" என்று குளத்தாயி கேட்டது.

சடையன் வாலைப் பிடித்து முறுக்கியது.

"அதுதானா சடையா?"

"அது மட்டும் இல்லைக்கா" என்றது சடையன், தலையைக் குனிந்தபடி. "முந்தின நாள் இலுப்பைப் பூ பொறுக்கும்போது அண்ணன் என்னை எல்லார் முன்னாலயும் அடிச்சு விரட்டினார். அவர் குழிப்பக்கம் நடந்தப்ப, 'நல்லா வேணும்'னு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. பயமும் இருந்துச்சு, சந்தோஷமும் இருந்துச்சு."



ஏழு வருஷமாக மருதன் கேட்கக் காத்திருந்த சொல் அது. "பயமும் இருந்துச்சு. சந்தோஷமும் இருந்துச்சு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னது.

"அதுதாண்ணே."

இப்போது மருதனின் முறை. குழியில் நாக்கு வறண்டதைச் சொன்னது. மேலே குரங்குக்குட்டிகள் விளையாடும் சத்தம் மூன்று நாளும் கேட்டதைச் சொன்னது. பூ விஷயத்தில் கை ஓங்கியது தன் தப்புதான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னது. சடையன் எல்லாவற்றையும் முதல் தடவையே பிசகாமல் திருப்பிச் சொன்னது. சொல்லும்போது அழுதது.

"அதுதான்" என்றது மருதன்.

"உனக்கு என்ன செய்யணும் மருதா?"

"மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்கச் சொல்லி இங்க யாரையாவது கேட்டிருக்கோமா? என்ன செய்யணும், அதைச் சொல்லு."

மருதன் யோசித்தது. "பாதையில கால் வைக்கவே எனக்குப் பயமா இருக்கு. இவன் தினமும் விடிஞ்சதும் என் பாதைக்கு மேல உட்காரணும். எனக்கு மட்டும் இல்லை, யார் நடந்தாலும் பார்த்துக் குரல் கொடுக்கணும்."

"உட்கார்றேன்" என்றது சடையன்.

கொம்பையா பொட்டுவை விட்டு விலகி நின்றது. வெயில் தாழ்வதற்குள் பொட்டுவும் காடையும் எதிரெதிரே உட்கார்ந்தன. முட்டையிடும் பருவம் முழுக்கப் புல்மேட்டில் தோண்டுவதில்லை என்றும், காடையின் புதுக் கூட்டுக்குக் காவல் இருப்பதாகவும் பொட்டு ஒப்புக்கொண்டது. கொம்பையா கடைசிவரை நின்று கேட்டது. போகும்போது, "எங்க மந்தையிலயும் ரெண்டு பேர் முட்டிக்கிட்டுக் கிடக்கானுங்க. நாளைக்கு அனுப்பட்டுமா?" என்றது.

"வரச் சொல்லு" என்றது மருதன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலை மருதன் பாதையில் நடந்தது. மேலிருந்து சடையனின் குரல் காடு அதிரக் கேட்டது. மருதன் தூக்கிய காலை அப்படியே நிறுத்தியது. ஒரு முழம் முன்னால், இலைகளுக்கு அடியில் புதுக் குழி.

"வேடர்கள் வந்துட்டுப் போயிருக்காங்கண்ணே. பார்த்தேன். குரல் கொடுத்தேன்" என்றது சடையன்.

மருதன் அண்ணாந்து பார்த்தது. "வேடர்கள் வந்துட்டுப் போயிருக்காங்க. பார்த்தே. குரல் கொடுத்தே."

"அதுதாண்ணே."

மருதன் குழியைச் சுற்றிக்கொண்டு வட்டத்துக்குப் போனது. அன்று காலையும் அது சடையனைத் திட்டிவிட்டுத்தான் எழுந்திருந்தது. ஆனால் போகிற வழியில், குரங்குகள் குடிக்கும் கரையிலேயே இறங்கித் தண்ணீர் குடித்தது.

மன்னிப்பது அடிபட்டவரின் விருப்பம். செய்த கெடுதியை முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டு சரிசெய்வது செய்தவரின் கடமை.