கோட்டுக்குப் பின்னால்

“அவரு வாள் என் மேல படவே இல்ல, மாஸ்டர். பெறகு நான் எப்படித் தோத்தேன்?”

ஆவுடையப்பன் இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெபசீலி அவருடைய முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி வலையின் உட்பக்கத்து ஈரத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

போட்டிக் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே மழை விழுந்துகொண்டிருந்தது. போலந்து நாட்டில் வந்து இறங்கியதிலிருந்து அவர்கள் சூரியனைக் காணவில்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு அவர் மகள் வயது. பாளையங்கோட்டையில் அவளிடம் வாள்வீச்சு பழகுகிறவர்கள் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் வாளைத் தூக்கிக்கொண்டு உலகப் போட்டிக்குக் கிளம்பியது ஊரில் பலருக்கும் வேடிக்கையாக இருந்தது. வயதானவர்களுக்கென்று தனியாக ஒரு போட்டி நடக்கிறது என்பதையே யாரும் நம்பவில்லை.

“வாளோட சேத்து ஊன்றுகோலும் குடுப்பாங்களோ, அண்ணாச்சி?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அவர் சிரித்துக்கொண்டார்.

எதற்காகப் போகிறார் என்பதை ஜெபசீலியிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், ஊர் திரும்பியதும் வாளை வைத்துவிடுவது.

வைத்துவிட்டால் சாயங்காலங்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. மனைவி உலகம்மாள் போன பிறகு, அந்த வீட்டில் விளக்குப் போடுகிற நேரத்தைத் தாண்டுவதற்காகத்தான் அவர் வாள் பழகவே வந்தார்.

உலகம்மாளின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவர்தான் கூட இருந்தார். கூடவே இருந்தார் என்று ஊர் சொன்னது.

அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் அவரால் உட்கார முடியாது. மருந்து வாங்கப் போவார். நர்ஸைத் தேடிப் போவார். ஒன்றும் இல்லாவிட்டால் டீ குடிக்கப் போவார்.

அன்றைக்கும் எழுந்தார். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“எங்க போறிய?”

டீ குடித்துவிட்டு உடனே வந்துவிடுவதாகச் சொன்னார்.

டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஜெபசீலியிடமும் சொன்னதில்லை.

ஜெபசீலி பழக்குகிற இடம், மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் சரக்குக் கிட்டங்கி. உள்ளே ஒரு ரயிலையே கொண்டுவந்து நிறுத்தலாம், அவ்வளவு நீளம். தரையில் சுண்ணாம்பில் போடுகிற எல்லைக் கோடுகள் பழைய பஞ்சுத் தூசியில் சீக்கிரமே மறைந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து அவளும் அலுத்து விட்டுவிட்டாள்.

அடி பட்டால் விளக்கு எரிந்து காட்டுகிற கருவியும் அங்கே கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அடி வாங்கியவர்தான் வெறுங்கையைத் தூக்கி, “பட்டுது” என்று சொல்ல வேண்டும். அடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

ஆவுடையப்பன் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எதிரில் வாள் நீண்டால் அவர் பின்னால் போவார். இன்னும் நீண்டால் இன்னும் போவார். கிட்டங்கியின் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற இடம்வரைக்கும் போய்க்கொண்டே இருப்பார்.

“அண்ணாச்சி மேல ஈ உக்காரணும்னாலும் பஸ் பிடிச்சுத்தான் போகணும்,” என்று கூடப் பழகுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இங்கே காலையிலிருந்து எல்லா ஆட்டமும் தோல்விதான். அவர் வாங்கிய அடிகள் என்னவோ குறைவு. கொடுத்தது அதைவிடக் குறைவு. ஒவ்வொரு முறையும் நேரம் முடிந்து பலகையைப் பார்த்தால், எதிராளிக்கு ஏதோ ஒன்றிரண்டு புள்ளி இருக்கும். அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது.

கடைசி ஆட்டம் பின்லாந்துக்காரர் ஒருவரோடு. கனத்த உடம்பு, முழங்காலில் கட்டு, நரைத்த தாடி. நேரம் முடிந்தபோது இருவரும் சமமாக நின்றார்கள்.

அப்படி வந்தால், கூடுதலாக ஒரு நிமிடம் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் கருவி சீட்டுப் போட்டு இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த நிமிடத்துக்குள் யார் முதலில் தொட்டாலும் அவருக்கு வெற்றி. யாரும் யாரையும் தொடாவிட்டால், சீட்டு விழுந்தவருக்கு வெற்றி.

சீட்டு ஆவுடையப்பனுக்கு விழுந்தது.

அவர் அடிக்கவே வேண்டாம். ஒரு நிமிடம் அடி வாங்காமல் இருந்தால் போதும். அவருக்கு நன்றாகத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

பின்லாந்துக்காரர் முன்னால் வந்தார். இவர் பின்னால் போனார். அவர் நொண்டிக்கொண்டே வந்தார். இவர் போய்க்கொண்டே இருந்தார். வாள்முனை நெஞ்சுக்கு ஒரு முழத்துக்கு அந்தப்பக்கமே ஆடிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் நின்ற ஜெபசீலி கோடு, கோடு என்று கத்தினாள். அது அவர் காதில் விழுந்தது. காதில் விழுந்தும் கால் போயிற்று.

இரண்டு பாதங்களும் பின்கோட்டைத் தாண்டிவிட்டால், அது அடி வாங்கியதற்குச் சமம். நடுவர் எதிர்ப்பக்கம் கையைத் தூக்கினார்.

பின்லாந்துக்காரர் குதிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தார். ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவரைப் போல இருந்தது அவர் முகம்.

இப்போது அவர் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். தோளிலும் கையிலும் நீலமும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தடவிக்கொண்டிருந்தாள். அழுத்தித் தேய்க்கிறபோதெல்லாம் அவர் முகத்தைச் சுளிப்பார். அவள் ஏதோ சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள்.

ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டைக்கையைச் சுருட்டினார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு கீறல்கூட இல்லை.

“படவே இல்லையே, மாஸ்டர்,” என்றார் மறுபடியும்.

ஜெபசீலி முகமூடியின் பட்டையைச் சரி செய்தாள்.

“இனிமே எனக்கு இது வேண்டாம், மாஸ்டர். வாளை நீங்களே வச்சுக்கிடுங்க. நம்ம பயலுவ யாருக்காவது ஆகும்.”

அவள் எழுந்து முகமூடியை அவரிடம் நீட்டினாள்.

“போட்டுக்கிட்டு வாங்க,” என்றாள்.

சாப்பாட்டு நேரம். கூடத்தின் கடைசியில் ஒரு ஆட்டப் பாதை காலியாகக் கிடந்தது. கருவியின் கம்பிகளை யாரோ கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். விளக்குகள் பாதி அணைந்திருந்தன.

முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவள் ஜெபசீலி. கனத்த அங்கியை மாட்டிக்கொள்வதற்கே அவளுக்கு நேரம் பிடித்தது. பாதையின் பின்பக்கத்துக் கோட்டைக் காட்டி, அங்கே நிற்கச் சொன்னாள். கோட்டுக்குச் சற்று முன்னால் குதிகாலை வைத்து அவர் நின்றார்.

இருவரும் வாளை உயர்த்தி வணக்கம் வைத்தார்கள். அவள் வந்தாள். வாள் நீண்டது.

“கால்,” என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு பாதங்களும் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தன.

திரும்ப வந்து நின்றார். திரும்பவும் அவள் மெதுவாக, ஒரு குழந்தைகூட ஒதுக்கிவிடுகிற மாதிரி வாளை நீட்டினாள்.

“கால்.”

“பழக்கம், மாஸ்டர். நம்ம கிட்டங்கியில கோடு கிடையாதுல்லா.”

“அது என் தப்புதான். நான் போட்டு வச்சிருக்கணும்.”

காலை மாற்றி ஊன்றினாள்.

“போட்டிருந்தாலும் நீங்க நின்னிருக்க மாட்டிய.”

அவர் மறுபடி வந்து கோட்டில் நின்றார். மறுபடி வாள் வந்தது. மறுபடி அவர் கோட்டுக்கு வெளியே நின்றார்.

ஜெபசீலி வாளைத் தாழ்த்தினாள். முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டாள். வேர்வையில் அவள் முகம் களைத்துப்போயிருந்தது.

“திரும்பிப் பாருங்க, அண்ணாச்சி. உங்களுக்குப் பின்னால என்ன இருக்கு?”

அவர் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிறச் சுவர். சுவரோரமாக ஒரு காலி நாற்காலி. யாரோ விட்டுவிட்டுப் போன ஒற்றைக் காலுறை.

“ஒண்ணும் இல்ல.”

“பெறகு எங்க போறிய?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டுகிறவரைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்களே, அப்படித்தான் கேட்டாள்.

அவர் கையில் இருந்த வாள் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

அன்றைக்கு அவர் கையில் டீ ஆறிப்போயிருந்தது. திரை இழுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றார். அதை எங்கே வைப்பது என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

“அண்ணாச்சி.”

அவர் கோட்டுக்குத் திரும்பி வந்தார். வாளை உயர்த்தினார்.

ஜெபசீலி முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தாள். இந்த முறை மெதுவாக வரவில்லை. கெட்டுப்போன முழங்காலை மறந்தவளைப் போல வந்தாள்.

அவருடைய பின்கால் எழும்பியது. கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

பிறகு, எங்கிருந்து எழும்பியதோ அங்கேயே இறங்கியது.

வாள்முனை தோளெலும்புக்குக் கீழே நெஞ்சில் வந்து ஊன்றியது. வாள் வில்லாக வளைந்து நின்றது.

ஜெபசீலி வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தாள்.

அவர் முகமூடியின் வலைக்குப் பின்னால் மூச்சு இழுத்து இழுத்து வருவது கேட்டது. வெகுநேரம் கேட்டது. அப்புறம் அவருடைய இடதுகை மேலே வந்தது.

“பட்டுது,” என்றார் ஆவுடையப்பன்.