பெயர் சொல்லாத ஜெபம்

ஞானதிரவியம் இருபத்திரண்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் சபை ஊழியத்துக்கு வந்தவர். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் ஓட்டையைத்தான் தேடுவார். அவருக்குக் குருவாக வாய்த்த எப்சிபா அம்மா அவரைவிட எட்டு வயது இளையவர்.

அன்று வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபத்தை முதல்முறையாக ஞானதிரவியம் நடத்தப்போகிறார். அதற்கு முன் அம்மாவிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

“ஆலோசனைக்கு வாறவங்க இதுல கையெழுத்துப் போட்டுட்டாப் போதும்மா. நாளைக்கு நம்ம மேல யாரும் கேஸ் போட முடியாது. காலையில வந்த பொண்ணுகிட்டயும் வாங்கிட்டேன். எதுவும் விட்டுப்போச்சா?”

அம்மா கடைசி வரிவரை நிதானமாக வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி. இன்னைக்கு மைக்குல வாசிக்கப்போற ஜெபக் குறிப்புச் சீட்டைக் காட்டுங்க.”

சீட்டில் ஐந்து குறிப்புகள். மூன்றாவதில் அம்மாவின் விரல் நின்றது. ‘பிள்ளைகளோடு தாய்வீடு போக ஆயத்தப்படும் ஒரு சகோதரிக்காக.’

“பேர் போடலம்மா,” என்றார் ஞானதிரவியம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஞானதிரவியம் பின்னாலேயே போனார்.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். வெயில் கொளுத்தியது. ஒரு கல்லின் முன் அம்மா நின்றார். லீதியா, வயது இருபத்தொன்பது.

“புருஷன் அடி தாங்காம எங்கிட்ட வந்தா. சனிக்கிழமை பிள்ளைகளக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருதேன், யாருக்கும் தெரியக்கூடாதுன்னா. எனக்கு மனசு கேக்கல. நாலு பேர் சேர்ந்து ஜெபிச்சா நல்லதுன்னு வெள்ளிக்கிழமை மைக்குல சொன்னேன். இதே மாதிரி ஒரு வரி.”

“பேரச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லல. ரெண்டாவது வரிசையில அவ மாமியார் இருந்தாங்க.”

ஞானதிரவியம் கல்லையே பார்த்தார்.

“அவளுக்குச் சனிக்கிழமை விடியல,” என்றார் அம்மா.

உபவாச ஜெபத்துக்கு முதல் மணி அடித்தது. ஞானதிரவியம் அம்மாவின் கையிலிருந்த சீட்டை வாங்கினார். மூன்றாவது வரியைக் கிழித்துப் பொடிப்பொடியாக்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“காலையில வந்த பொண்ணு திங்கக்கிழமை போறா,” என்றார்.



இவ்வளவுக்குப் பிறகும் அவருக்குள் இருந்த குமாஸ்தா சும்மா இருக்கவில்லை. “உங்க மேல கேஸ் வந்துச்சாம்மா?”

“அவ அண்ணன் போட்டார். தள்ளுபடி ஆயிட்டு. நான்தான் பேர் சொல்லலைல்லா.”

“அப்ப உங்க மேல தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிட்டு.”

அம்மா குடையைச் சாய்த்துப் பிடித்தார். நிழல் கல்லின் மேல் விழுந்தது.

“சொல்லிட்டு. தீர்ப்பு நகல் பீரோவுலதான் இருக்கு அண்ணாச்சி. இவகிட்ட எப்படி வாசிச்சுக் காட்டன்னுதான் தெரியல.”